கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெரிய யூனிவர்சிட்டி, அங்கிருந்து ஃபைனான்ஸ்: ஃப்ரீமாண்ட் அம்மாவுக்கு

கேள்வி, 2025 மே 3
மகளுக்கு யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. வெளி மாநிலக் கல்லூரி ஒன்றில் கிடைத்திருக்கிறது, தங்குவது சாப்பிடுவது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 58,000 டாலர். ஃபைனான்ஸ்தான் படிப்பேன், இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் போவேன் என்று நிற்கிறாள். கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருஷப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசி பெர்க்லிக்கு மாறிக்கொள்ளலாம், கடைசிப் பட்டம் எங்கே வாங்கினோம் என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? கலிஃபோர்னியா ஃப்ரீமாண்டிலிருந்து ஓர் அம்மா.

பதில், 2025 மே 4, இரவு
பட்டம் எங்கே என்று பார்ப்பார்கள், அது உண்மைதான். ஆனால் பட்டம் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. 2016 முதல் 2018 வரை கம்யூனிட்டி காலேஜ், 2018 ஆகஸ்டில் ஒரு யூசி வளாகத்துக்கு டிரான்ஸ்ஃபர், 2020 மே மாதம் பட்டம். நீங்கள் கேட்கும் பாதையில் நடந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் (நிறுவனங்களுக்கு முதலீடு திரட்டித் தருவது, நிறுவனங்களை வாங்க விற்க உதவுவது அதன் வேலை) முழுநேர வேலைக்கு வாசல் என்பது சம்மர் அனலிஸ்ட் இன்டர்ன்ஷிப். ஜூனியர் வருஷம், அதாவது மூன்றாம் வருஷம், முடிந்த கோடையில், ஏறக்குறைய பத்து வாரம். முழுநேர இடங்களில் பெரும்பாலானவை அந்தக் கோடையில் வந்தவர்களுக்கே போய்விடும். இனி உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜ் சேர்கிறாள், 2027 ஆகஸ்டில் யூசிக்கு மாறுகிறாள், 2028 கோடையில் இன்டர்ன்ஷிப். அந்தக் கோடைக்கான விண்ணப்பங்கள் 2026 கடைசியிலோ 2027 தொடக்கத்திலோ திறந்து, இளவேனிலுக்குள் பல இடங்கள் நிரம்பிவிடும். யூசி டிரான்ஸ்ஃபர் முடிவு வருவது 2027 ஏப்ரலில். அதாவது அவள் விண்ணப்பம் போட வேண்டிய நாளில் ரெஸ்யூமேயில் கம்யூனிட்டி காலேஜ் பெயர்தான் இருக்கும், பெர்க்லி பெயர் இருக்காது.

இது தெரிந்து போனால் சமாளிக்கலாம். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன், நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கிறது.

2025 மே 6
58,000 டாலரைப் பற்றி முந்தாநாளே சொல்லியிருக்க வேண்டும். கலிஃபோர்னியா வாசிக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தை அளக்கும் கணக்கு) 46 டாலர். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) நடக்கிற இடங்களில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். யூசிக்கு மாறத் தேவையான 90 குவார்ட்டர் யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 2,790 டாலர்தான். முதல் தடவையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிற கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. புத்தகம், பார்க்கிங், பெட்ரோல் எல்லாம் தனி. வீட்டிலிருந்து போய் வரலாம், வீட்டுச் சாப்பாடு. இரண்டு வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் மிச்சம்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெரியப்பா ஸ்பான்சர் செய்து பன்னிரண்டு வருஷம் காத்திருந்து 2014-இல் கும்பகோணத்திலிருந்து வந்தோம். அப்பா இந்திய மளிகைக் கடையில், அம்மா குழந்தைகள் காப்பகத்தில். நான் யூசிக்கு மாறியபோது குடும்ப வருமானம் 80,000 டாலருக்குக் கீழே இருந்தால் டியூஷனை முழுக்க ஏற்றுக்கொள்ளும் திட்டம் யூசியில் இருந்தது, அதில் படித்தேன். பட்டம் வாங்கிய அன்று எனக்கு ஒரு டாலர் கடன் கிடையாது. ஃபைனான்ஸ் வேலை கிடைக்காமல் ஒன்றரை மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கடன் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

2025 மே 11
பின்னூட்டத்தில் டேக் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யூசியில் டிரான்ஸ்ஃபருக்கு உத்தரவாத இடம் தரும் திட்டம் அது. குறிப்பிட்ட பாடங்கள், குறிப்பிட்ட ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) இரண்டையும் எட்டினால் இடம் உறுதி. ஏழு வளாகங்களில் இருக்கிறது. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவிலும் கிடையாது. செப்டம்பர் மாதம் முழுக்க விண்ணப்பிக்கலாம்.

பெர்க்லியில் பிசினஸ் என்றால் ஹாஸ். அது முன்பு பெரும்பாலானவர்களுக்குக் கடைசி இரண்டு வருஷப் படிப்பாக இருந்தது. 2024 இலையுதிர் பருவத்திலிருந்து நான்கு வருஷப் படிப்பாகிவிட்டது, பள்ளி முடித்தவர்களை நேரடியாக எடுக்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜ்காரர்களை ஜூனியர்களாக இப்போதும் எடுக்கிறார்கள், ஆனால் இடம் மிகக் குறைவு. இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். பொருளாதாரத்துக்கு விண்ணப்பித்து பெர்க்லிக்குள் போய்விட்டு, உள்ளே போன பிறகு ஹாஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேறு துறையில் ஜூனியர் டிரான்ஸ்ஃபராக உள்ளே வந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஹாஸ் வேண்டுமென்றால் ஹாஸ் என்றே விண்ணப்பிக்க வேண்டும்.

யூசிஎல்ஏவில் இளநிலையில் பிசினஸ் என்று ஒரு மேஜரே (முதன்மைப் பாடம்) இல்லை, பிசினஸ் எகனாமிக்ஸ் இருக்கிறது. அதற்குக் கால்குலஸ் இரண்டு பாடம் வேண்டும், இன்ஜினியரிங் மாணவர்கள் படிக்கிற அதே கால்குலஸ். முதல் வருஷம் என் கவுன்சிலர், ஃபைனான்ஸ்தானே, பிசினஸ் கால்குலஸ் போதும் என்று எழுதிக்கொடுத்தார். நானும் படித்தேன், ஏ வாங்கினேன், பிறகு அது அங்கே செல்லாது என்று தெரிந்து இன்னொரு கால்குலஸை முதலிலிருந்து படித்தேன். ஒரு குவார்ட்டர் போயிற்று. கவுன்சிலரைக் கேளுங்கள், கேட்டுவிட்டு அசிஸ்ட் இணையதளத்தில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று நீங்களே தேடிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு வருஷம் இருந்தது, சாம்பார் கறையோடு.

2025 மே 12
திருத்தம். டேக் ஆறு வளாகங்களில்தான்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். சான் டியாகோ முன்பு இருந்தது, இப்போது இல்லை, பழைய நினைவில் எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஒரு வளாகத்துக்கு மட்டும்தான் டேக் போட முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேக் இல்லாத துறைகளும் உண்டு, பிசினஸ் பக்கம் அவை அதிகம், ஒவ்வொரு வருஷமும் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் 1
தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன் என்றேன்.

2018 செப்டம்பர், யூனிவர்சிட்டியில் கரியர் ஃபேர், அதாவது நிறுவனங்கள் மேசை போட்டு ஆள் தேடும் நாள். நூலகத்தில் தடித்த தாளில் இருபது ரெஸ்யூமே அச்செடுத்து நீல ஃபோல்டரில் வைத்திருந்தேன். அம்மா முந்தின நாள் இரவு என் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுத் தந்திருந்தார், தோள் பக்கம் கொஞ்சம் பளபளத்துவிட்டது. ஒரு பேங்கின் மேசையில் நாற்பத்தைந்து நிமிஷம் வரிசையில் நின்றேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினார். எந்த வருஷம் பட்டம் என்று கேட்டார். 2020 என்றேன். "ஓ, 2019 கோடைக்கு நாங்கள் எடுத்து முடித்துவிட்டோமே, போன வசந்தத்தில் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்றார். போன வசந்தத்தில் நான் இந்த யூனிவர்சிட்டியிலேயே இல்லை. அதைச் சொன்னேன். ரெஸ்யூமேயை வாங்கிக்கொண்டார், ஒரு பேனா கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற பையன் சோஃபமோர், இரண்டாம் வருஷம், 2021 பட்டம், அவனிடம் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசினார். அடுத்த மேசைக்குப் போனேன், அங்கேயும் இதே கேள்வி. பதினேழு ரெஸ்யூமேயோடு பார்ட் ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.

படிப்பில் நான் குறை வைக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் 3.94. ஆனால் யூசிக்குப் போனதும் அந்த ஜிபிஏ பின்னால் நின்றுவிடும், புதிதாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். செப்டம்பரில் ரெக்ரூட்டர் இப்போதைய ஜிபிஏ என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. முதல் பருவத்தில் பலருக்கும் மதிப்பெண் சரியும், எனக்கு 3.3 ஆயிற்று. முதலீட்டுச் சங்கம், கன்சல்டிங் சங்கம் எல்லாவற்றிலும் சேர நேர்காணல், மற்றவர்கள் முதல் வருஷத்திலிருந்தே அதில் இருந்து இப்போது நேர்காணல் செய்கிறவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சங்கம் கேட்டேன், மூன்றும் இல்லை என்றன.

2025 ஜூன் 1, கொஞ்சம் கழித்து
மேலே எழுதியதைப் படித்தால் போகாதீர்கள் என்று சொல்வதுபோல் இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. இன்று திரும்ப முடிவெடுக்கச் சொன்னாலும் கம்யூனிட்டி காலேஜ்தான் போவேன், ஆனால் வேறு மாதிரி போவேன்.

2025 ஜூன் 3
வேறு மாதிரி என்றால் எப்படி என்று ஃப்ரீமாண்ட் அம்மா கேட்டிருக்கிறார். இதை விரிவாகவே சொல்கிறேன், இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

யூசி பெரும்பாலும் ஜூனியராகத்தான் எடுக்கும், அதனால் இரண்டு வருஷம். ஆனால் யூஎஸ்சி, கார்னெல், என்ஒய்யூ மாதிரி தனியார் யூனிவர்சிட்டிகள் ஒரு வருஷம் முடித்தவரையும் சோஃபமோராக எடுக்கின்றன. யூஎஸ்சிக்குப் பிப்ரவரி நடுவில், கார்னெலுக்கு மார்ச் நடுவில் கடைசி நாள். சோஃபமோராக ஆகஸ்டில் உள்ளே போய்விட்டால், அந்தக் குளிர்காலத்தில் விண்ணப்பம் திறக்கும்போது ரெஸ்யூமேயில் அந்தப் பெயர் இருக்கும், ஒரு பருவ ஜிபிஏயும் இருக்கும், சங்கத்தில் சேர நான்கைந்து மாதம் கிடைத்திருக்கும். இரண்டு நாள்காட்டிகளும் ஒத்துப்போவது இந்த வழியில் மட்டும்தான். பணம்? தனியாரில் டியூஷனே 70,000 டாலரை ஒட்டி வருகிறது. ஆனால் குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் அவர்கள் தரும் உதவித்தொகையும் பெரியது, ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் செலவுக் கணிப்பான் இருக்கும், வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கென்றே ஜாக் கென்ட் குக் ஃபவுண்டேஷன் தரும் உதவித்தொகை வருஷத்துக்கு 55,000 டாலர் வரை போகும். வெகு சிலருக்குத்தான் கிடைக்கும், ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. பிரின்ஸ்டன் 1990-இல் டிரான்ஸ்ஃபரை நிறுத்தி, 2018-இல் மறுபடி தொடங்கியபோது கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களையும் ராணுவத்தில் இருந்தவர்களையும் மனதில் வைத்துத்தான் தொடங்கியது. அங்கே இடம் விரல்விட்டு எண்ணுகிற அளவு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

யூசிதான் என்றால், கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே 2026 டிசம்பரிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும். பட்டம் 2029 மே என்று எழுதலாம், அது உண்மைதான். பலர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிலர் பார்ப்பார்கள். ஏப்ரலில் சேர்க்கை வந்த அன்றே, ஏற்கெனவே பேசியவர்களுக்கெல்லாம் இரண்டு வரி மின்னஞ்சல் போக வேண்டும். சிறிய, நடுத்தர பேங்குகள் பெரியவர்களுக்குப் பிறகும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கும், கோடையிலும் இலையுதிரிலும்கூட.

2025 ஜூன் 4
நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தால் என்ன?" என்று கேட்கிறார். பட்டத்தை ஒரு வருஷம் தள்ளினால் இன்னொரு சுற்று ஆள் எடுப்பு கிடைக்கும், சரிதான். ஆனால் டிரான்ஸ்ஃபராக வந்தவர் இத்தனை பருவத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிற துறைகள் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். பணமும் ஒரு வருஷம் கூடுதல்.

2025 ஆகஸ்ட் 17
கல்லூரி திறக்கும் நேரம். இரண்டரை மாதமாக இங்கே வரவில்லை, வேலையில் மூச்சுவிட நேரமில்லை. தனிச்செய்தியில் ஓர் அப்பா எழுதியிருந்தார், அதைப் படித்த பிறகு மனசு சரியில்லை, ஏனென்றால் என் முதல் குறிப்பிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. நான் கிரீன் கார்டில் வந்தவள். இங்கே கேள்வி கேட்கிற நிறையப் பேரின் பிள்ளைகள் எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா.

எச்-4 பிள்ளைக்குச் சம்பளம் வாங்கும் வேலை செய்ய அனுமதி கிடையாது. எச்-4இல் வேலை அனுமதி வாங்கலாமே என்பீர்கள், அது கணவன் மனைவிக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. 21 வயதானால் எச்-4 முடிந்தது, கிரீன் கார்டு வரிசையில் அப்பா பத்துப் பதினைந்து வருஷமாக நின்றாலும். 18 வயதில் கம்யூனிட்டி காலேஜ் சேர்ந்தால் அந்த 21 சரியாக ஜூனியர் வருஷத்தில் வந்து நிற்கும், இன்டர்ன்ஷிப் வரும் அதே நேரத்தில். அதனால் பலர் முன்பே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1இல் வேலைக்கு வழி உண்டு, ஆனால் கட்டணம் வெளிநாட்டு மாணவர் கணக்காகிவிடலாம். விண்ணப்பப் படிவத்தில் "இப்போதோ எதிர்காலத்திலோ வேலை விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா" என்ற கேள்வி வரும், ஆம் என்று போட்டால் நிறைய இடத்தில் அங்கேயே நின்றுவிடும். பட்டம் முடிந்த பின் கிடைக்கும் வேலைக்காலம் 12 மாதம். ஸ்டெம் பட்டமாக (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) இருந்தால் இன்னும் 24 மாதம். சாதாரண ஃபைனான்ஸ், பிசினஸ் பட்டங்கள் பொதுவாக ஸ்டெம் பட்டியலில் வராது, ஆனால் எகனோமெட்ரிக்ஸ் மற்றும் குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் என்ற பிரிவு வரும், பல யூனிவர்சிட்டிகளில் பொருளாதாரப் பட்டத்தை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். எச்-4 வீட்டுப் பிள்ளைகள் எந்த வளாகம் என்று பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள், இந்த இழையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மகள் எட்டு வயதில் வந்தவள், இந்த ஊர்ப் பிள்ளைதான், அவளிடம் எப்படிச் சொல்வது என்று அந்த அப்பா கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் வயசுக்குச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்றுதான் எழுதினேன்.

2025 அக்டோபர் 5
ஃப்ரீமாண்ட் அம்மாவின் மகளே இப்போது எழுதியிருக்கிறாள், "அக்கா, பேங்க் நேர்காணலில் டெக்னிக்கல் கேள்வி என்றால் என்ன மாதிரி கேட்பார்கள்?" என்று. கல்லூரி ஆரம்பித்து ஆறு வாரத்தில் இந்தக் கேள்வி. நான் இதைக் கேட்க மூன்று வருஷம் ஆயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மிகவும் பழைய கேள்வி ஒன்று, இன்றைக்கும் கேட்கிறார்கள். தேய்மானம் 10 டாலர் கூடினால் மூன்று கணக்கு அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொள். லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 4 குறையும், ஆக நிகர லாபம் 6 குறையும். பணப்புழக்க அறிக்கைக்கு வா. தொடக்கத்தில் நிகர லாபம் 6 குறைவு, ஆனால் தேய்மானம் என்பது கையிலிருந்து போன பணம் இல்லை, அதனால் 10-ஐத் திரும்பக் கூட்டு, ரொக்கம் 4 கூடுகிறது. ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) ரொக்கம் 4 கூடுதல், இயந்திரம் கட்டடம் 10 குறைவு, சொத்துப் பக்கம் மொத்தம் 6 குறைவு. எதிர்ப்பக்கத்தில் தேக்கிவைத்த லாபம் 6 குறைவு. இரண்டு பக்கமும் சரி.

மனப்பாடம் செய்யாதே. நஷ்டமாக எழுதினால் எப்படிக் கையில் பணம் கூடும் என்று உன் அம்மாவுக்குத் தமிழில் புரியவைத்துப் பார். நான் என் அப்பாவுக்குச் சொன்னேன். கடையின் பெரிய ஃபிரீசரை வைத்து, வாங்கும்போது காசு போயாச்சு, இப்போது ஒவ்வொரு வருஷமும் அதன் தேய்மானத்தைக் கணக்கில் எழுதுகிறோம், எழுதுவதால் வரி குறைகிறது, குறைந்த வரிதான் கையில் நிற்கிற பணம் என்று. அவர் "அதைத்தானே முதலாளி வருஷா வருஷம் செய்கிறார்" என்றார். அந்த நாளுக்குப் பிறகு எந்த நேர்காணலிலும் இந்தக் கேள்வியில் நான் தடுமாறியதில்லை.

2025 அக்டோபர் 6
40 சதவீதம் என்று போட்டது பழைய வழிகாட்டிகளின் பழக்கம். 2018-இலிருந்து மத்திய அரசின் நிறுவன வரி 21 சதவீதம், மாநில வரியும் சேர்த்து 25 என்று வைத்துக்கொண்டு பலர் கேட்கிறார்கள். அப்போது நிகர லாபம் 7.5 குறையும், ரொக்கம் 2.5 கூடும். கேட்பவர் எந்த விகிதம் சொன்னாலும் போட வர வேண்டும், இரண்டையும் போட்டுப் பார்த்துக்கொள்.

2025 நவம்பர் 9
கரியர் ஃபேர் கதைக்குப் பிறகு நான் என்ன ஆனேன் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

2019 கோடையில் ஒரு சின்ன அக்கவுன்டிங் ஆபீஸில் இன்டர்ன். 2020 மே மாதம் பட்டம், கொரோனா நடுவில், பட்டமளிப்பை வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பில் பார்த்தோம், அம்மா கேசரி கிண்டினார். ஜூலையில் ஒரு பிராந்திய பேங்கில் கிரெடிட் அனலிஸ்ட். அப்போது பேங்குக்கு ஆள் அவசரமாக வேண்டியிருந்தது, பிபிபி கடன் வேலை குவிந்து கிடந்த நேரம். கொரோனாவில் சிறு தொழில்கள் ஆட்களுக்குச் சம்பளம் போட அரசு உத்தரவாதத்தில் பேங்குகள் கொடுத்த கடன், முழுத் தள்ளுபடிக்கு அதில் 60 சதவீதமாவது சம்பளத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். அந்தத் தள்ளுபடிப் படிவங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. நாளுக்குப் பதினைந்து இருபது கடைகள். உணவகம், சலூன், பல் மருத்துவர், லாரி வைத்திருப்பவர். ஒரு உணவக முதலாளி சம்பளப் பதிவேட்டைச் சிவப்பு மையில் கையால் எழுதி ஃபோனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார், நாற்பத்தோரு பக்கம். அதை எக்செலில் ஏற்றி முடித்த இரவில், ஒரு தொழில் எப்படி மூச்சு விடுகிறது என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. எந்தச் சங்கத்திலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 2022-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் நடுத்தர நிறுவனங்களின் விற்பனை வாங்கல் பார்க்கும் ஒரு சின்ன இன்வெஸ்ட்மென்ட் பேங்குக்கு மாறினேன். நேர்காணலில் கம்யூனிட்டி காலேஜ் பற்றி யாரும் கேட்கவில்லை, அந்த நாற்பத்தோரு பக்கத்தைப் பற்றித்தான் பேசினோம். ஆகவே வாசல் ஒன்றுதான் என்று மே மாதம் நான் எழுதியதை இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பக்கவாசல் இருக்கிறது: கமர்ஷியல் பேங்கின் கிரெடிட் பிரிவு, பெரிய தணிக்கை நிறுவனங்களின் மதிப்பீட்டுப் பிரிவு, நிறுவனங்களின் உள் நிதிப் பிரிவு. ஓரிரண்டு வருஷம் கூடும், பாதையில் கற்றுக்கொள்வது நிறைய. சிபிஏ (கணக்குத் தணிக்கையாளர் உரிமம்) யோசிக்கிறவர்களுக்கு இன்னொன்று, 150 யூனிட் வழியில் போனால் கம்யூனிட்டி காலேஜில் 46 டாலருக்குப் படித்த யூனிட்டும் அதில் சேரும்.

2025 டிசம்பர் 14
மின்னஞ்சல் பற்றி. லிங்க்ட்இன்னில் உங்கள் கம்யூனிட்டி காலேஜின் பக்கத்துக்குப் போய் முன்னாள் மாணவர் பகுதியில் அனலிஸ்ட், இன்வெஸ்ட்மென்ட் என்று தேடுங்கள். யூனிவர்சிட்டியின் பக்கத்தில் தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள், அவர்களுக்கு வாரம் ஐம்பது மெயில் வரும். கம்யூனிட்டி காலேஜ் பக்கத்தில் முப்பது பேர் வருவார்கள், அவர்களுக்கு யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். நான் 140 பேருக்கு எழுதினேன், 19 பேர் பதில் போட்டார்கள், 6 பேர் ஃபோனில் பேசினார்கள். அந்த 6 பேரில் 5 பேர் கம்யூனிட்டி காலேஜ் படித்தவர்கள். ஆறாவது ஆள் லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசையில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்த மாமா ஒருவரின் மருமகள். அப்பா என் கதை முழுவதையும் அங்கேயே சொல்லிவிட்டார், எனக்கு அன்று கூச்சமாக இருந்தது. அந்த அக்காதான் 2022-இல் என் ரெஸ்யூமேயை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

2026 ஜனவரி 18
ஃப்ரீமாண்ட் மகள் வீட்டா பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) திட்டம், பல கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கிறது, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் உட்கார விடுவார்கள். முதல் வருஷ மாணவிக்கு இதைவிட நல்ல வரி ரெஸ்யூமேயில் எழுத முடியாது. யூசி விண்ணப்பத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர் எல்லாரும் எழுதியே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, இந்த மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்று, 350 வார்த்தைக்குள். என்னுடைய பதிலில் பாதி வீட்டா மேசையைப் பற்றித்தான். ஒரு வியட்நாமியப் பாட்டி பழக்கடை பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டுக்கொண்டு வந்தார், ஓய்வூதியத் தாள், சோஷியல் செக்யூரிட்டித் தாள், நடுவில் பேரனின் பள்ளி மதிப்பெண் அட்டை. அந்த அட்டையைத் தனியாக எடுத்து மடிப்பை நீவி அவர் கையில் கொடுத்தேன், சிரித்தார்.

2026 பிப்ரவரி 8
முதல் சனிக்கிழமை முடிந்ததாம். நான்கு படிவம் நிரப்பினாளாம், ஒன்றில் 1,312 டாலர் திரும்ப வருகிறது என்று சொன்னதும் எதிரே இருந்தவர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தன் மனைவிக்கு ஃபோன் போட்டாராம். யூஎஸ்சிக்கு அடுத்த ஞாயிறு கடைசி நாள், கட்டுரையை அனுப்பியிருக்கிறாள், படித்துவிட்டேன், அவளுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பத்தியை எடுத்துவிடு, இரண்டாவது பத்தியில் அந்த ஃபோன் வரும் இடத்திலிருந்து தொடங்கு.